பச்சை ரிப்பன் கட்டிய மரங்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் லேப்பில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. மாதிரி எடுத்துவருகிற டப்பாவில் முந்தைய சரக்கின் நீலம் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் அந்த வெள்ளையை நான் பாஸ் பண்ண மாட்டேன். டப்பாவைச் சரியாகக் கழுவாமல் கொண்டுவந்து நீட்டி, நான் பேசிய பேச்சில் வேறு ஷிஃப்டுக்கு மாற்றல் கேட்டுப் போனவர்கள் இரண்டு பேர். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று வீட்டிலும் சொல்வார்கள், கம்பெனியிலும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

வீடு ஊத்துக்கோட்டைப் பக்கம். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நெல் நிலம், மூன்று ஏக்கர் மாந்தோப்பு. தோப்பில் நூற்றிருபது மரம், அத்தனையும் பங்கனப்பள்ளி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், புரட்டாசியில் மழைக்கு முன்னால் மரத்தைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் வெட்டி எருவும், யூரியா, பொட்டாஷ் மாதிரி உரங்களும் போடுவார்கள். எல்லா மரத்துக்கும் ஒரே அளவு. கொழுத்து நிற்கிற மரத்துக்கும் அதே கூடை, சோனியாக நிற்கிற மரத்துக்கும் அதே கூடை. பதினைந்து வருஷம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கோ வெளிநாட்டில் ஒரு பழத்தோட்டம். மரங்களுக்கு நடுவே வண்டி ஒன்று போகிறது. எந்த மரத்துக்கு எவ்வளவு உரம் என்று அதற்கே தெரிகிறது. ஒரு மரத்துக்கு நிறையக் கொட்டுகிறது, அடுத்த மரத்துக்குக் கொஞ்சமாகத் தூவுகிறது, அதற்கடுத்ததைப் பார்க்காமலே போய்விடுகிறது. மண்ணை இடம் இடமாகப் பரிசோதித்து வரைபடம் போட்டு வண்டிக்குள் ஏற்றிவிடுகிறார்களாம். எனக்கு இதில் புதுமையாக எதுவும் தெரியவில்லை. நாங்கள் லேப்பில் செய்வதும் இதேதான். ஒரு சரக்குக்குச் சிவப்பு கொஞ்சம் சேர்க்கச் சொல்வோம், இன்னொன்றுக்கு ஒன்றும் வேண்டாம் என்போம். மரத்துக்குச் செய்ய வண்டி எதற்கு?

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“மரத்துக்கெல்லாம் ரேஷன் கார்டு போடப் போறியா?”

“ஆமா, போடப் போறேன். நீங்க குறுக்க பேசாம இருந்தா போதும்.”

அவரும் பேசாமல்தான் இருந்தார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால் தெரிந்தது.

தோப்பைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தேன். கட்டத்துக்குப் பத்து மரம். மேற்கே ஆறு கட்டம், கிழக்கே ஆறு. ஆவணியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போனது. ஒவ்வொரு கட்டத்திலும் ஏழெட்டு இடத்தில் குழி வெட்டி மண் எடுத்து, எல்லாவற்றையும் ஒரு சாக்கின் மேல் கொட்டிக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ மட்டும் நான் தைத்து வைத்திருந்த துணிப்பையில் போட்டுக் கட்டினேன். பை மேல் கட்ட நம்பர் எழுதினேன். முதல் ஞாயிறு மேற்குப் பக்கம் முடிந்தது. அடுத்த ஞாயிறு கிழக்கு. வீட்டுக்காரர் குழி வெட்டினார். நான் கலந்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை.

பைகளை மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். பத்து நாளில் முடிவு வந்தது. மேற்கே ஆறு கட்டமும் ஒன்றுக்கொன்று வித்தியாசம். சில கட்டத்தில் பொட்டாஷ் குறைவு, சிலதில் சுமார். கிழக்கே ஆறு கட்டத்திலும் பொட்டாஷ் மிக அதிகம். எனக்கு ஒரே குதூகலம். இத்தனை வருஷம் கிழக்குப் பக்கம் வீணாகக் கொட்டியிருக்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் காகிதத்தை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, சரி, உன் இஷ்டம் என்றார்.

எங்களிடம் வண்டி இல்லை. ஆனால் எரு போட வருகிற நாலு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைமையாக வருபவர் பக்கத்து ஊர் அம்மா ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். அவர்கள் குடும்பமே ஒரு காலத்தில் வயல் வேலை செய்தது. இப்போது மகள்கள் இரண்டு பேரும் காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். இவர் மட்டும் தோப்பு வேலையை விடவில்லை. எங்கள் பக்கத்தில் ஐந்தாறு தோப்புக்காரர்கள் எரு போடுவதற்கு இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவரைக் கூப்பிட்டால் மற்ற மூன்று பெண்களுக்கும் வேலை. புரட்டாசி முழுக்க அவர்கள் நாலு பேருக்கும் அதுதான் பிழைப்பு. அந்த அம்மா என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள், நானும் பேசினேன். அதைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ரிப்பன் வாங்கிவந்தேன். சிவப்பு ரிப்பன் கட்டிய மரத்துக்குப் பொட்டாஷ் முழு டப்பா, மஞ்சளுக்கு அரை டப்பா, பச்சைக்குப் பொட்டாஷே வேண்டாம். கிழக்குப் பக்கம் முழுக்கப் பச்சைதான். மற்ற உரங்கள் எப்போதும் போல. அளக்கிற டப்பா எங்கள் கம்பெனி டப்பாதான், உள்ளே பாதியில் நானே கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா ரிப்பனைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

“இது நல்லாக்கீதும்மா. மரத்தப் பாத்தாலே தெரிஞ்சிடும். ஆனா மேல கிளையில கட்டாதீங்க, எல மறைச்சிடும். அடிமரத்துல நெஞ்சு உசரத்துக்குக் கட்டுங்க.”

அப்படியே கட்டினேன். முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம் கூடவே நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். வீட்டுக்காரர் நெல் வேலையாக இருந்தார். நாலு நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். பொட்டாஷ் மூட்டையில் பாதி அப்படியே மிச்சம் இருந்தது. அதைக் கொட்டகையில் கட்டிவைத்தோம்.

சித்திரை பிறந்ததும் மேற்குப் பக்கம் என் தலையில் கிரீடம் வைத்தது. காய் ஒரே சீராக இருந்தது. வழக்கமாகச் சோனியாக நிற்கிற ஆறாவது கட்டத்தில்கூடக் காய் கையில் அடங்கவில்லை. கிழக்குப் பக்கம் அப்படி இல்லை. பச்சை ரிப்பன் மரம் அத்தனையிலும் காய் சிறுத்து நின்றது. இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியது போலப் பழுப்பாகக் கருகியிருந்தது.

வைகாசியில் காய் பறிக்கிற நாள். ரிப்பன் சமாசாரத்தைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் மூன்று பேர் பார்க்க வந்திருந்தார்கள். மேற்குப் பக்கம் பார்த்துப் பாராட்டிவிட்டுக் கிழக்கே வந்தார்கள். இது ஏன் இப்படி என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. உப்பு அதிகமானால் இலை ஓரம் கருகும் என்று எங்கோ படித்திருந்தேன். பொட்டாஷும் ஒரு உப்புதானே. ஏற்கெனவே பொட்டாஷ் அதிகம் இருக்கிற மண்ணில் மேலே வேறு கொட்டியிருக்கிறார்கள், சிவப்பையும் பச்சையையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு நொடியில் முடிவு கட்டினேன். அந்த அம்மாவும் அன்று காய் பொறுக்க வந்திருந்தார். அங்கேயே கூப்பிட்டேன்.

“பச்ச ரிப்பன் மரத்துக்கு இன்னா போட்ட நீ?”

“எருவு, யூரியா, சூப்பரு. நீங்க சொன்னதுதாம்மா. செவப்பு உப்பு போடல.” பொட்டாஷை அவர் செவப்பு உப்பு என்றுதான் சொல்வார், சூப்பர் பாஸ்பேட்டைச் சூப்பரு என்பார்.

“போடாமயா எல இப்டி கருகிக்கீது?”

“நான் போடலம்மா.”

“செவப்பு எது, பச்ச எதுன்னுகூடவா தெரியாது உனக்கு? தெரியலன்னா கேக்கணும். இஷ்டத்துக்குக் கொட்டிட்டு இப்ப போடலன்னு பொய் வேற சொல்ற.”

அவர் வந்திருந்த மூன்று பேரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்ற மூன்று பெண்களும் கூடையை வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனார்கள். தோப்புக்காரர்களில் ஒருவர், நல்லவேளை சொன்னியேம்மா, நான் புரட்டாசிக்கு அவங்களத்தான் சொல்லலாம்னு இருந்தேன் என்றார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனியில் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

“அந்தம்மாவ இந்த வருசம் புரட்டாசிக்கு யாரும் கூப்புடலயாம். கூட வர்ற பொண்ணுங்கள்ல ஒருத்தி கம்பெனி கேன்டீனுக்குப் பாத்திரம் கழுவப் போய்ட்டாளாம். இந்தம்மாவுக்கு வயசாய்டிச்சின்னு அங்கயும் எடுக்கலயாம்.”

“தப்பு பண்ணா அப்டித்தான்.”

“அவங்க போடலன்னுதானே சொல்லிக்கினே இருக்காங்க?”

“நான் ப்ரூவ் பண்றேன், பாருங்க.”

இலையைப் பரிசோதித்தால் மரம் எந்த உரத்தை எவ்வளவு எடுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கிழக்குப் பக்கத்து மரங்களின் இலைகளைப் பறித்துக் கழுவித் துடைத்து, காகித உறையில் போட்டு அதே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். பொட்டாஷ் எக்கச்சக்கம் என்று முடிவு வரும், அந்தக் காகிதத்தை எல்லோர் முகத்துக்கு நேராகவும் நீட்டலாம் என்பது என் கணக்கு. ஒரு பெண்பிள்ளையைப் பொய்க்காரி என்று நிரூபிக்க நான் லீவு போட்டு இலை பறித்தேன்.

முடிவு வந்தபோது கம்பெனியில் இருந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் போனில் பார்த்தேன். இலையில் பொட்டாஷ் மிக மிகக் குறைவு. மரங்கள் பட்டினி கிடக்கின்றன. அந்த ஓரக் கருகல் பட்டினியின் அடையாளம்தானாம், அதிகத்தின் அடையாளமில்லை. அந்த அம்மா ஒரு பிடிகூடப் போடவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்.

உடனே பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்க இல்லை, சண்டை போட. மண்ணில் அதிகம் என்கிறீர்கள், இலையில் இல்லை என்கிறீர்கள், எந்தக் காகிதத்தை நான் நம்புவது, இதுதான் நீங்கள் வேலை செய்கிற லட்சணமா என்று பிடிபிடியென்று பிடித்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம், அந்த ஆறு மண்ணையும் எது மேல போட்டுக் கலந்தீங்க?”

“சாக்குலதான்.”

“இன்னா சாக்கு?”

முதல் ஞாயிறு அரிசிச் சாக்கு. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டாவது ஞாயிறு அந்த அரிசிச் சாக்கு ராத்திரி மழையில் நனைந்து கிடந்தது. மோட்டார் கொட்டகையில் கையை விட்டு எதையோ இழுத்தேன், இரண்டு உதறு உதறினேன், விரித்தேன். எங்கள் தோப்பில் உரச் சாக்கு இல்லாத இடம் கிடையாது. மோட்டார் கொட்டகைக்குக் கதவு அதுதான், உட்கார்ந்து சாப்பிட விரிப்பதும் அதுதான், காய் கொட்டுவதும் அதன் மேல்தான். அது உரச் சாக்கு என்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். பின்னாலேயே வீட்டுக்காரர் வந்தார். நான் மூலையில் கிடந்த காலிச் சாக்கை வெளியே இழுத்து அடித்தையலைப் பிரித்தேன். உள்ளங்கையில் சிவப்புத் தூள் கொட்டியது. ஒரு சிட்டிகைதான் இருக்கும். மண்ணில் கலந்தால் ஆறு கட்டத்தையும் பொய் சொல்லவைக்க அது போதும்.

“அன்னிக்கி இதத்தான விரிச்சேன்?”

“ஆமா, பொட்டாஷ் சாக்குதான்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினு ஏன் சொல்லல?”

“நீ லேப்புல வேல பண்றவ. உனக்குத் தெரியாதான்னு உட்டுட்டேன். குறுக்க பேசாதன்னு வேற சொல்லிட்ட.”

அவரிடம் சண்டை போட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவமானமாக இருந்தது. அன்று சாப்பிடவில்லை. கம்பெனியில் டப்பா கழுவாததற்காக நான் விரட்டியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அதைவிட, அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனது திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்த ஞாயிறு அவர் ஊருக்குப் போனேன். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வழி கேட்டுத்தான் போகவேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட நான் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார், வெள்ளைப் புடவையோடு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, மண், இலை, எல்லாம். நீங்க சொன்னது நெஜம், நான்தான் தப்பு பண்ணேன், மன்னிச்சிக்கோங்க என்றேன். அவரை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“சரிம்மா. என்னிய அங்க நிக்க வெச்சிப் பேசினீங்க, நாலு பேரு இருந்தாங்க. இங்க வந்து எங்கிட்ட மட்டும் சொல்றீங்க. நான் போடலன்னு எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே?”

“இன்னா பண்ணணும், சொல்லுங்க.”

“அவங்களுக்குத்தான் தெரியாது. அவங்க கைல சொல்லுங்க.”

அதற்கு ஒரு இடம் தானாகவே வந்தது. மேற்குப் பக்கத்துக் காயைப் பார்த்துவிட்டு, ரிப்பன் முறையைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று தோப்புக்காரர்கள் என்னைக் கேட்டிருந்தார்கள். ஆவணியில் ஒருவருடைய காய் அடுக்குகிற கொட்டகையில் கூட்டம். இருபது பேர் இருப்பார்கள். காய் பறிக்கிற நாளில் வந்திருந்த அந்த மூன்று பேரும் முன் வரிசையில் இருந்தார்கள். கூட்டத்துக்கு வரும்படி அந்த அம்மாவிடம் நானே சொல்லியிருந்தேன். வருவாரோ மாட்டாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் ஆரம்பித்த பிறகு இரண்டு பெண்களோடு வந்து வாசலோரம் நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். பயத்தில் அது தோன்றவில்லை.

எழுதிவைத்ததை எடுக்காமல் சாக்கிலிருந்தே ஆரம்பித்தேன். கட்டம் பிரித்தது, மண் எடுத்தது, பொட்டாஷ் சாக்கை விரித்தது, பொய்யான முடிவு, பட்டினி போட்ட மரங்கள். “அன்னிக்கி உங்க எதுர்ல இவங்களப் பொய்க்காரின்னு சொன்னேன். இவங்க சொன்னதுதான் நெஜம். பச்ச ரிப்பன் மரத்துக்கு இவங்க ஒரு பிடி பொட்டாஷ்கூடப் போடல, எல ரிப்போர்ட்டு அதத்தான் சொல்லுது. தப்பு என்னுது” என்று வாசலைக் காட்டிச் சொன்னேன். முன் வரிசையில் ஒருவர் சிரித்தார்.

“லேப்புல வேல பாக்கற நீயேவாம்மா?”

“ஆமாங்க, நானேதான்.”

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். வீட்டுக்காரர் போனைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். பிறகு ரிப்பனைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். முறை சரிதான், மண் எடுத்த விதம்தான் தப்பு, மேற்குப் பக்கம் அதற்குச் சாட்சி, மண்ணோடு இலையையும் பார்த்துவிட்டால் இந்த மாதிரி ஏமாற மாட்டோம் என்று சொன்னேன். இந்த முறை நிதானமாகத்தான் பேசினேன்.

கூட்டம் முடிந்ததும் என்னைச் சுற்றி யாரும் நிற்கவில்லை. அந்த மூன்று தோப்புக்காரர்களும் வாசலில் அந்த அம்மாவிடம் நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவர் விரல் விட்டு நாள் எண்ணிச் சொன்னார். கேன்டீனுக்குப் போன பெண்ணையும் திரும்ப இட்டுகினு வந்துடறேன் என்றார். ரிப்பன் எல்லா மரத்துக்கும் நீங்கதான் கட்டிக் குடுக்கணும், சாக்கு இன்னா சாக்குன்னு நான் பாத்துக்கறேன் என்று அவர் அவர்களிடம் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவர்கள் போகும்வரை காத்திருந்து பக்கத்தில் போனேன்.

“எங்க தோப்புக்கு எப்ப வரீங்க? கடைசியா வந்தாக்கூடப் போதும்.”

“இல்லம்மா. உங்க தோப்புக்கு வரல.”

கோபம் இருந்தால் பேசிப் பார்த்திருப்பேன். அவர் குரலில் கோபம் இல்லை.

“இத்தினி பேரு எதுர்ல ஒத்துக்கினீங்க. யாரும் செய்ய மாட்டாங்க, சந்தோசம். ஆனா நாளைக்கே உங்க தோப்புல ஒரு மரம் காஞ்சிப்போச்சின்னா, நீங்க மொதல்ல என் மூஞ்சியத்தான பாப்பீங்க?”

இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதை அவர் பார்த்துவிட்டார்.